சேற்றில் நடந்தவர் நடைபாதை போட்டார்! பாரிஸ் நகரை மாற்றிய ஹாஸ்மன் கதை

பாரிஸ்!

இந்தப் பெயரைக் கேட்டதும் என்ன நினைவுக்கு வருகிறது? அகலமான சாலைகள். இருபுறமும் வரிசை வரிசையாக மரங்கள். மரநிழலில் மக்கள் காலாற நடந்துபோகும் நடைபாதைகள்.

ஆனால், 200 ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் இப்படி இருக்கவில்லை. நகரின் நடுப்பகுதியில் பல தெருக்கள் பத்து அடி அகலம்கூட இல்லை. தெருவின் நடுவிலேயே சாக்கடை ஓடியது. நடைபாதை என்பது ஏதோ சில தெருக்களில்தான் இருந்தது.

வண்டி வந்தால் நடந்து போகிறவர்கள் என்ன செய்வார்கள்? சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். அல்லது யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்றுகொள்வார்கள். வண்டி போனபின் பார்த்தால், உடுப்பெல்லாம் சேறாக இருக்கும். ஒதுங்கத் தெரியாத குழந்தைகளும், ஒதுங்க முடியாத கிழவர்களும் சக்கரத்துக்குப் பயந்தே நடக்கவேண்டும்.

அந்தச் சேற்றில் ஒரு மாணவர் தினமும் நடந்தார். பிற்காலத்தில் அதே தெருக்களை இடித்துத் தள்ளி, அகலமான சாலைகளைப் போட்டவர் அவர்தான்.

அவர் பெயர், ஜார்ஜ் யூஜின் ஹாஸ்மன்.

நடந்தே படித்தார்

ஹாஸ்மன் 1809-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் இருந்து வந்தது. தந்தை ராணுவ நிர்வாகத்தில் வேலை பார்த்தார். தாயைப் பெற்ற தாத்தா, மாவீரன் நெப்போலியனிடம் தளபதியாக இருந்தவர்.

சிறு வயதில் ஹாஸ்மன் நோஞ்சான் பிள்ளை. மூச்சுக் கோளாறு இருந்தது. நல்ல காற்று வேண்டும் என்பதற்காக, நகரத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் சில காலம் வளர்ந்தார். நல்ல காற்றின் அருமையைப் பிள்ளைப் பருவத்திலேயே அவர் அறிந்துகொண்டார்.

பெரியவரானதும் ஆளே மாறிவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம். அகன்ற தோள்கள். கூட்டத்தில் நின்றாலும் தனியாகத் தெரிவார்.

சட்டம் படித்தார். சங்கீதமும் கற்றார். வீடு, செய்ன் நதிக்கு வடக்கே இருந்தது. சட்டக் கல்லூரி, நதிக்குத் தெற்கே இருந்தது. ஆகவே, தினமும் நகரின் நடுப்பகுதியைக் கடந்து போகவேண்டும்.

நதியின் நடுவே "சிட்டே" என்ற தீவு இருக்கிறது. பாரிஸ் நகரம் பிறந்த இடமே அதுதான். புகழ்பெற்ற நோத்ர தாம் மாதா கோயிலும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கோயிலைச் சுற்றி அந்தக் காலத்தில் இருண்ட சந்துகளும், மட்டமான சாராயக் கடைகளுமே நிறைந்திருந்தன.

தீவைத் தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால் ஒரு சிறிய சதுக்கம். சுற்றிலும் உள்ள தெருக்களின் கழிவுநீர் எல்லாம் அங்கே வந்து சேரும். அதைத் தாண்டி ஆர்ப் வீதி. அந்தப் பழைய வீதியில் மேடேறிப் போனால்தான் கல்லூரி வரும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, சேற்றை மிதித்துக்கொண்டு நடந்த அந்த வழியை ஹாஸ்மன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. முதுமையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்கூட, தெருத் தெருவாக அதைச் சொல்லியிருக்கிறார்.

காலரா வந்தது

படிப்பு முடிந்ததும் 1831-ம் ஆண்டில் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தார். வெளியூர்களுக்குப் போனார்.

அடுத்த ஆண்டே பாரிஸில் காலரா பரவியது. சுமார் 18,000 பேர் மாண்டார்கள். நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த ஏழைகளே அதிகம் பலியானார்கள். அசுத்தமான தண்ணீரால் காலரா பரவுகிறது என்பது அந்த நாளில் தெரியாது. ஆனால், வெளிச்சமும் காற்றும் இல்லாத தெருக்களை இப்படியே விட்டுவைக்கக் கூடாது என்ற பேச்சு அப்போது வலுத்தது.

ராம்புட்டோ என்ற அதிகாரி சில தெருக்களை அகலப்படுத்தினார். நடைபாதைகள் போட்டார். 1845-ல் நடைபாதைகளுக்காக ஒரு சட்டமும் வந்தது. ஆனாலும், வேலை ஆமை வேகத்தில் நடந்தது. ஜனத்தொகையோ குதிரை வேகத்தில் வளர்ந்தது. 1851-ல் பாரிஸில் பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

இந்தக் காலம் முழுவதும் ஹாஸ்மன் சிறிய ஊர்களில் அதிகாரியாக இருந்தார். 1838-ல் ஒக்டேவி என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 22 ஆண்டுகள் ஊர் ஊராக மாற்றல்! சாலை போடுவது, பள்ளிக்கூடம் கட்டுவது, கணக்குப் பார்ப்பது என்று எல்லா வேலைகளையும் கற்றார்.

கலர் கலராகக் கோடுகள்

1852-ல் பிரான்சின் சக்கரவர்த்தி ஆனார், மூன்றாம் நெப்போலியன். இவர் மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன்.

பதவிக்கு வருமுன் இவர் லண்டனில் அகதியாக வாழ்ந்தவர். அந்த நகரின் பூங்காக்களும் அகன்ற வீதிகளும் அவர் மனதைக் கவர்ந்தன. பாரிஸை அதைவிட அழகாக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு, எதற்கும் அஞ்சாத ஓர் ஆள் தேவைப்பட்டது.

1853-ம் ஆண்டு ஜூன் மாதம் ஹாஸ்மனுக்கு அழைப்பு வந்தது. பாரிஸ் அடங்கிய செய்ன் மாவட்டத்தின் "பிரிபெக்ட்" பதவி கிடைத்தது. நம் நாட்டுக் கலெக்டர் பதவியைப் போன்றது அது. ஆனால், அதைவிட அதிகாரம் கூடுதல். அப்போது ஹாஸ்மனுக்கு வயது 44.

பதவி ஏற்ற அன்றே சக்கரவர்த்தி அவரிடம் ஒரு நகரப் படத்தைக் கொடுத்தார். போடவேண்டிய புதிய சாலைகளைத் தம் கையாலேயே அதில் கோடுகளாக வரைந்திருந்தார். எது அவசரம், எது பிறகு என்பது தெரியும்படி, கோடுகள் வெவ்வேறு வண்ணத்தில் இருந்தன.

படத்தில் கோடு போடுவது சுலபம். ஊரில் போடுவது எப்படி?

கோபுரம் கட்டி அளந்தார்கள்

முதலில் ஊரைச் சரியாக அளக்கவேண்டும். நம்பத்தகுந்த அளவுப்படமே அப்போது பாரிஸுக்கு இல்லை.

ஹாஸ்மன் ஊர் முழுவதும் மரத்தால் உயரமான கோபுரங்களைக் கட்டச் செய்தார். வீட்டுக் கூரைகளுக்கு மேலே நின்றன அந்தக் கோபுரங்கள். அவற்றின் உச்சியில் ஏறி அளப்பவர்கள் அளந்தார்கள். கீழே நின்ற மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கள் வீடும் இடிபடப் போகிறது என்பது அவர்களில் பலருக்கு அப்போது தெரியாது!

ஓர் ஆண்டுக்கு மேல் இந்த வேலை நடந்தது. மேடு எது, பள்ளம் எது என்பதும் கணக்கிடப்பட்டது. தயாரான பெரிய படத்தை ஹாஸ்மன் தம் ஆபீஸ் அறையிலேயே நிறுத்திவைத்தார்.

ரிவோலி வீதி

நகரின் நடுவே இரண்டு பெரிய சாலைகள் சிலுவைபோல் குறுக்கிடவேண்டும். ஒன்று கிழக்கு மேற்காக. மற்றொன்று வடக்கு தெற்காக. இதுதான் திட்டம்.

கிழக்கு மேற்குச் சாலைதான் ரிவோலி வீதி. அது புதிய பெயர் அல்ல. மாவீரன் நெப்போலியன் காலத்தில் தொடங்கி, பாதியில் நின்றுபோன வீதி. முந்திய அதிகாரிகளும் அதை மெல்ல நீட்டிவந்தார்கள்.

1855-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடக்க இருந்தது. அதற்குள் வீதி முடியவேண்டும் என்பது சக்கரவர்த்தியின் கட்டளை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் இரவு பகலாகப் பாடுபட்டார்கள். குறித்த காலத்தில் வீதி தயாரானது. சுமார் 3 கிலோமீட்டர் நீளம்!

வழியில் ஒரு மேடு குறுக்கிட்டது. அதன்மேல் சான் ஜாக் என்ற பழைய மணிக்கூண்டு நின்றது. மேட்டை வெட்டி எடுத்தார்கள். ஆனால், மணிக்கூண்டை இடிக்கவில்லை. அதன் அடியில் புதிய அஸ்திவாரம் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

அருகே ஷாட்லே சதுக்கத்தில் ஒரு கல் நீரூற்று இருந்தது. சதுக்கத்தைப் பெரிதாக்கியபோது, அது நடுவில் இல்லாமல் ஓரமாகிவிட்டது. உடனே என்ன செய்தார்கள், தெரியுமா? 1858-ல் அந்த நீரூற்றை அப்படியே தூக்கி, தண்டவாளம்போல் கட்டைகள் பதித்து, சுமார் 40 அடி நகர்த்திவைத்தார்கள்!

நடந்த வீதி மறைந்தது

வடக்கு தெற்குச் சாலையின் முதல் பகுதிக்கு செபஸ்தபோல் சாலை என்று பெயர். 100 அடி அகலம். 1858-ல் சக்கரவர்த்தி அதைத் திறந்துவைத்தார். நாடக மேடைபோல், சாலையின் குறுக்கே பெரிய திரை தொங்கவிடப்பட்டிருந்தது. திரை விலகியதும் புதிய சாலை கண்முன் விரிந்தது.

அந்தச் சாலை தெற்கே நீண்டது. சிட்டே தீவைத் தாண்டியது. நதியைக் கடந்தது. ஹாஸ்மன் மாணவராக நடந்த அதே ஆர்ப் வீதியின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டு, மேடேறியது. இப்போது அதற்கு சான் மிஷேல் சாலை என்று பெயர். கழிவுநீர் சேர்ந்த அந்தச் சிறிய சதுக்கம் இருந்த பக்கத்தில், 1860-ல் அழகான நீரூற்று எழுந்தது. ஆர்ப் வீதியின் ஒரு சிறு துண்டு மட்டும் இன்றும் மிஞ்சியிருக்கிறது.

நடப்பவருக்குத் தனி இடம்

புதிய சாலைகளில் முக்கியமானது அகலம் மட்டுமா? இல்லை. அந்த அகலத்தை அவர்கள் பங்கு போட்ட விதம்தான் முக்கியம்.

நடுவில் வண்டிகளுக்குப் பாதை. இருபுறமும் நடப்பவர்களுக்கு உயரமான நடைபாதை. 100 அடிச் சாலையில் ஏறக்குறைய பாதி இடம், நடப்பவர்களுக்கே கிடைத்தது!

வண்டிக்கும் மனிதருக்கும் இடையே மரங்கள் நடப்பட்டன. கன்று வளரும்வரை காத்திருக்க மனமில்லை. வேறு இடத்தில் வளர்ந்த பெரிய மரங்களை வேரோடும் மண்ணோடும் எடுத்து, அதற்கென்றே செய்த வண்டியில் கொண்டுவந்து நட்டார்கள்.

அல்பான் என்ற இஞ்சினீயர் மரங்களையும் பூங்காக்களையும் கவனித்தார். தவியூ என்ற கட்டடக் கலைஞர், களைத்தவர்கள் உட்கார பெஞ்சுகளும், பத்திரிகைக் கடைகளும், விளக்குக் கம்பங்களும் வரைந்து கொடுத்தார். இரவில் காஸ் விளக்குகள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளும் மாலை நேரத்தில் அச்சமின்றி உலாவினார்கள்.

தெருவின் நடுவில் ஓடிய சாக்கடை, பூமிக்கு அடியில் போயிற்று. பெல்கிராண் என்ற இஞ்சினீயர் 500 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சாக்கடைகளை உருவாக்கினார். ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குப் பெரிய சாக்கடைகளும் அவற்றில் உண்டு. 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஊற்று நீர் கால்வாய் வழியாக 1865-ல் நகருக்கு வந்தது.

1860-ல் சுற்றியிருந்த ஊர்களும் பாரிஸோடு சேர்க்கப்பட்டன. 12 வட்டங்களாக இருந்த நகரம், 20 வட்டங்கள் ஆயிற்று.

கண்ணீர் விட்டவர்கள்

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு அல்லவா?

அகலமான சாலை வானத்தில் இருந்து விழவில்லை. வீடுகள் இருந்த இடத்தில்தான் அது வந்தது. பழைய நகரில் மட்டும் சுமார் 20,000 வீடுகள் இடிக்கப்பட்டன. மூன்று லட்சம் பேருக்கு மேல் இடம் மாறவேண்டி வந்தது.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. சிலர் அதில் நல்ல லாபமும் பார்த்தார்கள். வாடகைக்கு இருந்த ஏழைத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலோருக்கு மூட்டை முடிச்சுகள்தான் மிச்சம்.

புதிய வீடுகளில் வாடகை ஏறிவிட்டது. ஆகவே, அவர்கள் நகரின் ஓரத்துக்குப் போனார்கள். பெல்வில் போன்ற பகுதிகளில் குடியேறினார்கள். புதிய நடைபாதையில் உலாவ அவர்களுக்கும் உரிமை இருந்தது. ஆனால், அந்த நடைபாதை அவர்கள் வீட்டு வாசலில் இல்லை!

வேறொரு குற்றச்சாட்டும் எழுந்தது. பழைய சந்துகளில் மக்கள் தெருக் கற்களைப் பெயர்த்துத் தடுப்புச் சுவர் எழுப்பி, அரசாங்கத்தை எதிர்த்துப் போராடுவது வழக்கம். அகலமான சாலையில் அது கஷ்டம். பட்டாளம் விரைவில் வந்துவிடும். இதற்காகத்தான் சாலைகள் போடப்பட்டன என்று பலர் சொன்னார்கள். அதுவும் ஒரு காரணம் என்பதை ஹாஸ்மனே மறைக்கவில்லை.

லக்சம்பர்க் பூங்காவில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க அவர் முயன்றபோது, ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள்.

பிறர் வீட்டை இடித்த ஹாஸ்மன், தாம் பிறந்த வீட்டையாவது விட்டுவைத்தாரா? இல்லை. அதுவும் புதிய சாலைக்காக இடிக்கப்பட்டது. அந்தச் சாலைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஹாஸ்மன் சாலை என்று இன்றும் அது வழங்குகிறது.

பதவி போயிற்று

17 ஆண்டுகளில் ஆன செலவு, சுமார் 250 கோடி பிராங்க். வரிப்பணம் போதவில்லை. ஹாஸ்மன் கடனுக்கு மேல் கடன் வாங்கினார். அதில் பல கடன்களுக்குப் பார்லிமெண்டின் சம்மதம் பெறவில்லை. ஏதேதோ வழிகளில் கணக்கைச் சரிக்கட்டினார்.

ஜூல்ஸ் பெர்ரி என்ற வழக்கறிஞர், 1868-ல் இந்தக் கணக்குகளைக் கேலி செய்து ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பின்னாளில் மந்திரியாகி, பிரான்சில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் படிப்புக் கிடைக்கச் செய்தவர் அவர்தான். புத்தகம் நாடெங்கும் பேசப்பட்டது. பார்லிமெண்டில் புயல் கிளம்பியது.

சக்கரவர்த்தியின் செல்வாக்கு அப்போது தேய்ந்துகொண்டிருந்தது. புதிய மந்திரிசபை, ஹாஸ்மன் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ராஜினாமா செய்ய ஹாஸ்மன் மறுத்தார். 1870-ம் ஆண்டு ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். அதே ஆண்டில் பிரான்ஸ் போரில் தோற்றது. சக்கரவர்த்தியும் பதவி இழந்தார்.

கோடி கோடியாகச் செலவழித்த ஹாஸ்மன், பெரிய பணக்காரராகச் சாகவில்லை. சிறிய பென்ஷனில் காலம் தள்ளினார். கார்சிகா தீவில் இருந்து 1877-ல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். பிறகு தம் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தார்.

1890-ம் ஆண்டு டிசம்பரில் மனைவி ஒக்டேவி இறந்தார். அதன்பின் ஹாஸ்மன் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. 1891-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, 81-வது வயதில் கண்ணை மூடினார்.

விஞ்ஞானி பலியானார்

எல்லாத் தெருக்களையும் ஹாஸ்மன் மாற்றிவிடவில்லை. மிஞ்சிய பழைய தெருக்களில் அபாயமும் மிஞ்சியது.

1906-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி. நல்ல மழை. செய்ன் நதிக்கரை அருகே, தோபின் வீதி என்ற பழைய வீதியை ஒருவர் கடந்தார். வண்டிகள் நெருக்கியடித்த இடம் அது. கால் வழுக்கியதோ, தடுமாறினாரோ, கனமான சரக்கு வண்டியின் அடியில் விழுந்தார். சக்கரம் தலையில் ஏறியது. அங்கேயே உயிர் பிரிந்தது.

அவர்தான், மனைவி மேரி கியூரியுடன் சேர்ந்து ரேடியத்தைக் கண்டுபிடித்த பியேர் கியூரி! உலகம் போற்றிய மேதைக்கும் சக்கரம் வழிவிடவில்லை.

மீண்டும் ஒரு மாற்றம்

பிறகு மோட்டார் கார் வந்தது. ஹாஸ்மன் போட்ட அகலமான சாலைகள் கார்களுக்கு மிகவும் வசதியாகப் போயின. கார்கள் பெருகப் பெருக, பல இடங்களில் நடைபாதையையே வெட்டிக் குறைத்தார்கள். நடப்பவர்களுக்காக ஒதுக்கிய இடம், மறுபடியும் சக்கரத்துக்குப் போயிற்று.

காலச் சக்கரமும் சுழன்றது. 2020-ம் ஆண்டு மே மாதம். கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரம். பாரிஸ் நகரசபை ரிவோலி வீதியில் சொந்தக் கார்களின் ஓட்டத்தை நிறுத்தியது. வீதியின் பெரும்பகுதியை சைக்கிள்களுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தது. பஸ், டாக்ஸி போன்றவற்றுக்கு மட்டும் ஒரு பகுதியை விட்டது. 2021 ஆகஸ்டில், நகரின் பெரும்பாலான தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்ற விதியும் வந்தது.

ஹாஸ்மன் காலத்தில் ரிவோலி வீதிக்காக வீடுகளை இடித்தார்கள். இந்த முறை ஒரு வீட்டையும் இடிக்கவில்லை. இருந்த வீதியையே வேறு விதமாகப் பங்கு போட்டார்கள். அவ்வளவுதான்!

ஹாஸ்மன் நல்லவரா, கெட்டவரா என்ற வாதம் பாரிஸில் இன்னும் ஓயவில்லை. வீடு இழந்தவர்களின் கண்ணீரை மறக்க முடியாது. சாக்கடையோடு சாக்கடையாகக் கிடந்த தெருவில், நடக்கிறவனுக்கும் ஓர் இடம் உண்டு என்று கல் பதித்துக் காட்டியதையும் மறுக்க முடியாது.

தெரு எல்லோருக்கும் சொந்தம். வண்டியில் போகிறவரும் இறங்கினால் நடக்கிறவர்தானே!